நான்கு அங்குலப் பொய்

"நேரா நில்லுடா! குதிகாலைத் தூக்காதே."

"தூக்கலைப்பா. நான் இவ்வளவுதான்."

சமையலறைக் கதவு நிலையில் மகனைச் சாய்த்து நிறுத்தி மூன்றாவது தடவையாக டேப் பிடித்தார் லாயிட் கிரெப்ஸ். டேப் மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னது: ஐந்தடி பதினொரு அங்குலம். ஆனால் கல்லூரிக் கோச்சுகள் பார்க்கிற இணையப் பக்கத்தில், கோல்பியின் படத்துக்குக் கீழே, லாயிட் தன் கையாலேயே பதிந்து வைத்திருந்தது ஆறடி மூன்று.

பள்ளியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கோல்பி முன்வரிசைக்காரன். பந்தைத் தொடுகிற வேலையே அவனுக்குக் கிடையாது. எதிரே பாய்ந்து வருகிறவனை முட்டி நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மலைபோல ஆள் வேண்டும் என்பது நெப்ராஸ்காவில் தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் லாயிட் கொஞ்சம் கூட்டிப் போட்டார். எல்லா அப்பாக்களும் செய்வதுதான். டயர் கடைக்காரர் என்பதால் இவர் மட்டும் காற்றைச் சற்று அதிகமாக அடித்துவிட்டார்.

நாற்பத்தோரு கல்லூரிகளுக்கு ஆட்ட வீடியோ அனுப்பியும் பதில் வந்தது ஒன்றே ஒன்றிடமிருந்துதான். பிளம் ரிட்ஜ் கல்லூரியின் கோச் பிக்கெட், அரை மணி நேரத்தில் வீட்டுக்கே வருவதாகப் போன் செய்திருந்தார். பிடித்துப்போனால் அணியில் சேரும் கடிதத்தில் இன்றைக்கே கையெழுத்து. இல்லையென்றால் நவம்பரில் ஆடியதுதான் கோல்பியின் கடைசி ஆட்டம். அன்று ஆட்டம் முடிந்த பிறகும் பையன் உடுப்பைக் கழற்ற மனசில்லாமல் காருக்குள் உட்கார்ந்தே இருந்தான்.

"உண்மையைச் சொல்லிடலாம்ப்பா."

"நாப்பத்தொண்ணுல ஒருத்தர்தான் வர்றாரு. அவர்கிட்டப் போய் உண்மையைச் சொல்லி விளையாடுறதா? என் பூட்ஸை எடுத்துட்டு வா."

கவ்பாய் பூட்ஸில் குதிகாலே இரண்டு அங்குலம். உள்ளே பீட்சா அட்டையை மடித்துத் திணித்ததில் இன்னும் ஒன்றரை. கோல்பி இரண்டு அடி எடுத்து வைத்தான். மூன்றாவது அடியில் ஃப்ரிட்ஜைக் கட்டிக்கொண்டான்.

"சரி, நடக்காதே. சோபாவுல உக்காரு. அவர் போறவரைக்கும் எந்திரிக்கவே கூடாது."

"அப்போ பூட்ஸ் எதுக்கு?"

"உக்காந்தா முட்டி உசரமாத் தெரியும்ல!"

லாயிட்டின் மனைவி ரோண்டா, சில்லி என்கிற பீன்ஸ்-இறைச்சிக் குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "கோச் வந்தா எழுந்து நின்னு கை குடுக்காத பையனை எவன் சேர்த்துக்குவான்?"

லாயிட் அவரையே உற்றுப் பார்த்தார். முகம் வெளிறியது.

"ரோண்டா, நீ எவ்வளவு உசரம்?"

"அஞ்சடி ரெண்டு. கல்யாணம் ஆகி இருபது வருஷம் கழிச்சுக் கேக்குறியா?"

"போச்சு! கோச்சுங்க முதல்ல அம்மாவைத்தான் பார்ப்பாங்க. அம்மா உசரமா இருந்தா பையன் இன்னும் வளருவான்னு கணக்கு." பின்வாசலில் கிடந்த பிளாஸ்டிக் பால் பெட்டியைத் தூக்கி வந்து சமையல் மேடைக்குப் பின்னால் கவிழ்த்தார். "இது மேல ஏறி நில்லு."

"உனக்கு மூளை கீளை கழண்டுடுச்சா?"

"பையனுக்காக, ரோண்டா."

ரோண்டா தலையில் அடித்துக்கொண்டு ஏறினார்.

வாசலில் மணி அடித்தது. பனி ஒட்டிய ஜாக்கெட்டோடு கோச் பிக்கெட் உள்ளே வந்தார். பின்னால் ஒரு கோப்பைத் தூக்கிக்கொண்டு அவருடைய உதவியாளர் ஒர்டேகா.

"வா தம்பி, கை குடு!" என்றார் பிக்கெட்.

கோல்பி பழக்கதோஷத்தில் எழப் போனான். லாயிட் தோளைப் பிடித்து அமுக்கினார். "கால்ல லேசாச் சுளுக்கு, கோச்."

பிக்கெட்டின் சிரிப்பு வடிந்தது. "முட்டியிலயா?"

ஒர்டேகா பேனாவைத் திறந்தார். லாயிட் அவசரமாகக் கையை ஆட்டினார். முட்டி கெட்ட ஆட்டக்காரனை இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

"சேச்சே! முட்டியெல்லாம் இரும்பு. நேத்து எடை தூக்கினான், அதுல லேசாப் பிடிச்சுக்கிச்சு."

"எவ்வளவு தூக்கினான்?"

"நானூத்தம்பது பவுண்டு."

சொன்ன பிறகுதான் லாயிட்டுக்கே உறைத்தது, காற்று மறுபடி அதிகம்.

"அடேயப்பா! எடையெல்லாம் கராஜ்லதானே? வாங்க, பார்ப்போம்."

கராஜில் பழைய டயர்கள்தான் இருந்தன. "அது... பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட இரவல் வாங்கினது. காலையிலேயே திருப்பிக் குடுத்துட்டோம்."

"நானூத்தம்பது பவுண்டை இரவல் குடுக்குறாரா? நல்ல ஊருப்பா இது," என்றார் பிக்கெட்.

லாயிட் அவசரமாகச் சமையல் மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "முதல்ல சாப்பிடுங்க கோச்! ரோண்டா, சில்லி கொண்டு வா. கூடவே சினமன் ரோலும்."

பெட்டியின்மேல் நின்ற ரோண்டா கணவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். "நீங்களே வந்து வாங்கிக்கங்க கோச்."

பிக்கெட் மேடையருகே வந்தார். தன் கண்ணுக்கு நேராக இருந்த ரோண்டாவின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பரம திருப்தி. "ஓ, பையனுக்கு உசரம் அம்மாகிட்டருந்துதான் வந்திருக்கா?"

ரோண்டா கிண்ணத்தை நீட்டினார். பெட்டி வழுக்கியது. கோச்சின் கண் முன்னாலேயே ரோண்டா ஒரு அடி குறைந்தார். கிண்ணத்தை மட்டும் விடவில்லை.

கோல்பி குனிந்து பூட்ஸைக் கழற்றினான். பீட்சா அட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன. வெறும் சாக்ஸோடு எழுந்து நின்றான்.

"கோச், எனக்குச் சுளுக்கு இல்ல. நானூத்தம்பதும் தூக்கலை, முன்னூறுதான். உசரம் அஞ்சடி பதினொண்ணு. எனக்கு இன்னும் நாலு வருஷம் விளையாடணும்னு ஆசை. அதுக்குத்தான் அப்பா..."

"தப்பு என்னுது கோச். பையனைக் கழிச்சுடாதீங்க," என்றார் லாயிட். தலையைத் தூக்கவே இல்லை.

பிக்கெட், சினமன் ரோல் என்கிற பட்டை வாசனை இனிப்பு பன்னைப் பிய்த்துச் சில்லியில் தோய்த்து நிதானமாக மென்றார்.

"லாயிட், அப்பாமார் எழுதுற உசரத்துல நாலு அங்குலத்தை நாங்க வண்டியில வரும்போதே கழிச்சிடுவோம். ஆறடி மூணுல நாலு போனா அஞ்சடி பதினொண்ணு. சரியாத்தான் வந்திருக்கு. வீடியோல நான் பார்த்தது இவன் காலை. என்ன வேகம்! விசில் ஊதுறவரைக்கும் எதிராளியை விடமாட்டேங்கிறான். அதுக்காகத்தான் நூத்தம்பது மைல் வந்தேன்."

கோல்பி அப்படியே சோபாவில் சரிந்தான்.

"ஆனா ஒண்ணு." பிக்கெட் விரலை உயர்த்தினார். "எங்க காலேஜ்ல பொய்க்கு இடமே கிடையாது. ஒரு அங்குலப் பொய்கூட ஆகாது. இந்தப் பையன் எழுந்து நின்னு உண்மையைச் சொன்னான் பாரு, அதுதான் எங்களுக்கு வேணும். கத்துக்கோ லாயிட்."

"இனிமே ஜென்மத்துக்கும் கூட்டிச் சொல்லமாட்டேன் கோச்!"

கடிதத்தில் கோல்பி கையெழுத்துப் போட்டான். ரோண்டா மகனைக் கட்டிக்கொண்டு அழுதார். லாயிட்டும் அழுதார். இத்தனை நல்ல மனுஷனிடமா புளுகினோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

பிக்கெட் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒர்டேகா கேட்டார்:

"கோச், நம்ம டீம் புத்தகத்துல இவன் உசரத்துக்கும் வழக்கம்போல அஞ்சு அங்குலம் கூட்டிப் போட்டுடட்டுமா?"