நடவடிக்கைக் குறிப்பில் ஒரு திருத்தம்

கரைநாட்டில் காலை ஐந்தரைக்கு விடியும். மக்கள் எழுந்து பெருவணிகரின் பற்பொடியால் பல் துலக்குவார்கள். பெருவணிகரின் தேயிலையைக் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். பெருவணிகரின் செய்தித்தாளில் பெருவணிகரின் உடல்நலம் பற்றிப் படிப்பார்கள். ஏழரைக்குப் படகுத்துறைக்குப் போய்ப் பெருவணிகரின் படகில் ஏறி ஆற்றைக் கடப்பார்கள். அலுவலகம், மருத்துவமனை, அரண்மனை எல்லாம் எதிர்க்கரையில் இருந்தன.

எழிலனும் அப்படித்தான். படகு மட்டும் வேறு. அவன் மனைவி வேம்பு சொந்தமாக ஒரு படகு ஓட்டினாள். நாட்டில் பெருவணிகருக்குச் சொந்தமில்லாத ஒரே படகு அது. எட்டுப் பேர் உட்காரலாம். அடியில் கொஞ்சம் ஒழுகும். தினமும் நடு ஆற்றில், “ஆபீசரய்யா, சும்மாதான உக்காந்திருக்கீங்க, தண்ணிய எறைங்க” என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். எழிலன் தகர டப்பாவை எடுத்து இறைப்பான்.

அவனுக்குப் போட்டிக் காவல் வாரியத்தில் வேலை. வணிகர்களுக்குள் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் வாரியம் அது. கூட்டத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று குறிப்பெழுதுவது அவன் பொறுப்பு.

அந்த ஆண்டு, பதினொரு நாட்டுப் போட்டிக் காவலர்கள் கூடும் மாநாட்டைக் கரைநாடு நடத்துவது என்று முடிவாயிற்று. தலைப்பு, ‘குடிமகனின் தேர்வு உரிமை’. ஏற்பாடுகளை ஒப்படைக்க மூன்று ஒப்பந்தப்புள்ளிகள் வர வேண்டும் என்பது விதி. மூன்று வந்தன. மூன்றும் பெருவணிகர் வீட்டிலிருந்து, மூன்று வாசல்கள் வழியாக. வாரியத் தலைவர் வித்யாபதி அவற்றை நெடுநேரம் ஒப்பிட்டுப் பார்த்து, நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார்.

பிறகு செயலாளர் மணிமாறர் ஒரு சிக்கலை எழுப்பினார். விருந்தினர்கள் இந்த நாட்டுப் போட்டியைப் பார்க்க ஆசைப்பட்டால் எதைக் காட்டுவது? எழிலன் அப்போது வாய் திறந்திருக்க வேண்டாம். தன் மனைவி ஒரு படகு ஓட்டுவதாகச் சொன்னான். சொன்னதைக் குறிப்பிலும் எழுதிக்கொண்டான்.

ஒரு வாரத்தில் முதல் ஆணை வந்தது. வேம்பு இனி ‘பாதுகாக்கப்பட்ட போட்டியாளர்’. மாநாடு முடியும்வரை அவள் படகுக்குச் சேதம் வரக் கூடாது. ஆகவே அது ஆற்றில் இறங்கக் கூடாது.

வேம்பு அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். “ஓடாம வச்சா பலக காஞ்சு வெடிச்சிரும்னு உங்க தலைவருக்குத் தெரியுமா?”

தலைவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபின், பலகை காயாமல் பார்த்துக்கொள்ள ஒரு குழு அமைத்தார்.

இரண்டாம் ஆணைப்படி படகு எதிர்க்கரையில் இருந்த மாநாட்டு மண்டபத்துக்குப் போயிற்று. வாசலில் நுழையவில்லை. சுவரை இடித்து உள்ளே கொண்டுபோய்க் கண்ணாடிக் கூண்டில் வைத்தார்கள்.

மூன்றாம் ஆணைப்படி பெருவணிகரின் படகுகளுக்கு நான்கு வண்ணமும் நான்கு பெயரும் கிடைத்தன. சாயச் செலவுக்காகக் கட்டணம் இரட்டிப்பானது. நான்கிலும் ஒரே கட்டணம்தான். ஒருவர் குறைத்தால் மற்ற மூவர் மனம் புண்படும் என்று வாரியம் விளக்கியது. மக்கள் தங்களுக்குப் பிடித்த வண்ணத்தின் வரிசையில் நின்றார்கள். சிவப்பா பச்சையா என்று சில வீடுகளில் அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை நின்றுபோனது.

நான்காம் ஆணை மாநாட்டுக்கு முந்தைய நாள் வந்தது. மாநாடு நடக்கும் மூன்று நாளும் படகுகள் காலியாக ஓட வேண்டும். விருந்தினர்கள் மண்டபத்தின் மாடத்தில் நின்று போட்டியைப் பார்ப்பார்கள். பயணிகள் ஏறி இறங்கினால் வேகம் குறையும். வாரியத்து ஊழியர்களுக்கு விலக்கு உண்டு. மற்றவர்கள் அவசரம் என்றால் படகுத்துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம்.

இரண்டாம் நாள் காலையில் வேம்புக்கு வயிற்றுவலி தாங்கவில்லை. முந்தைய நாளே இருந்திருக்கிறது. சொல்லவில்லை. எழிலன் கைத்தாங்கலாக அவளைத் துறைக்கு அழைத்துவந்தான்.

துறை அதிகாரி நல்ல மனிதர். தன் நாற்காலியைக் கொடுத்தார். குடையையும் கொடுத்தார். விண்ணப்பத்தை வாங்கிக் கையெழுத்துப் போடப் போனவர், பெயரைப் பார்த்துப் பேனாவை மூடினார்.

“தம்பி, வேற யாராயிருந்தாலும் ஏத்தி விட்டுருவேன். இவங்க போட்டியாளர். ஒரு போட்டியாளர் இன்னொரு போட்டியாளர் படகுல ஏறினா அது ரகசிய உடன்பாடு. நீங்க எழுதின சட்டம்தான். பதினொரு நாட்டுக்காரங்களும் மாடத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்காங்க.”

“என் சம்சாரம் சார் இவ.”

“அதான் சொல்றேன். நீங்க வாரியத்து ஆளு. இன்னும் மோசமாயிரும்.”

ஆனாலும் மேலிடத்துக்கு ஓர் ஆளை அனுப்பினார். காலை அமர்வு முடிந்ததும் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. சிவப்புப் படகு காலியாகப் போனது. பச்சை அதை முந்தியது. பிறகு நீலம், மஞ்சள். எதிர்க்கரையில் கைதட்டல் கேட்டது. வேம்பு துறை அதிகாரியிடம் ஏதோ கேட்டாள். அவர் குடையை அவள் பக்கம் சாய்த்தார். பதினொன்றேகாலுக்கு அவள் இறந்தாள்.

அதே பதினொன்றேகாலுக்கு அவள் மண்டபத்தில் பேசுவதாக நிகழ்ச்சிநிரலில் இருந்தது. ஆள் வராததால் செயலாளரே அவள் உரையை வாசித்தார். அவர் எழுதிய உரைதான். விருந்தினர்கள் எழுந்து நின்றார்கள். நான்கு நாடுகள் இந்த முறையைத் தங்கள் ஊரிலும் கொண்டுவரப்போவதாக அறிவித்தன.

அடுத்த வாரம் நடவடிக்கைக் குறிப்பு அச்சாகிப் பார்வைக்கு வந்தது. அதில் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது: ‘போட்டியாளர் வேம்பு அம்மையார் இறுதியாகக் கூறியது: என் படகுக்கு இந்த நாடு அளித்த இடம் வேறெங்கும் கிடைத்திருக்காது.’

குறிப்பில் பிழை இருந்தால் மூன்று நாளுக்குள் திருத்தம் கொடுக்கலாம் என்பது வாரியத்தின் விதி. பேச்சை நேரில் கேட்டவர்தான் கொடுக்க வேண்டும். சொந்தக் கருத்து சேர்க்கக் கூடாது.

மூன்றாம் நாள் காலை எழிலன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் துலக்கினான். தேநீர் போட்டு ஒரு டம்ளரில் ஊற்றிக் குடித்தான். நீல வரிசையில் நின்று ஆற்றைக் கடந்தான். உட்கார்ந்து திருத்தத்தை எழுதினான்.

பக்கம் நாற்பத்தொன்று, வரி ஆறு. ‘இறுதியாகக் கூறியது’ என்பதற்குப் பின் உள்ளதை நீக்கிவிட்டு இவ்வாறு படிக்கவும்:

“வேற படகு ஒண்ணும் இல்லையாங்க?”