கழட்டி சார் கொடுத்த வாட்ச்

வாட்சைக் கட்டியிருந்த நேரத்தைவிடக் கழற்றியிருந்த நேரமே அதிகம் என்று சொல்லத்தக்க மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட்டுக்குப் பின்னால் நான் குடியிருக்கும் காம்பவுண்டில் இருந்தார். முன்வீடு அவருக்கு, பின்னால் ஒற்றை அறை எனக்கு. ராக்கெட் சம்பந்தப்பட்ட ஏதோ ஓர் இடத்தில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருக்குப் பெயர் ஒன்று இருந்தது. தபால்காரரைத் தவிர யாருக்கும் அது தேவைப்படவில்லை. எல்லோருக்கும் அவர் கழட்டி சார்.

நெருப்பு இருக்கிற இடமோ, பற்றிக்கொள்கிற இடமோ, எதுவானாலும் அவர் வாசலிலேயே நின்றுவிடுவார். வாட்சைக் கழற்றுவார். பக்கத்தில் நிற்பவர் கையில் அதை வைத்து, "பிடி, வாரேன்" என்பார். உள்ளே போய்த் திரும்பி வந்து, வாங்கிக் கட்டிக்கொள்வார். டீக்கடை பாய்லர் பக்கம் போனாலும் அப்படித்தான், பெட்ரோல் பங்குக்குப் போனாலும் அப்படித்தான். பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் காபி குடிக்க அடுப்படிக்குக் கூப்பிட்டார். சார் வாசலில் என்னிடம் வாட்சைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தன் வீட்டில் களவு போகும் என்று நினைக்கிறாரே என்று அந்த அம்மா ஒரு மாதம் பேசவில்லை. காரணம் கேட்டால் "பழக்கம்" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

அவருக்குப் பால்கோவா கிண்டுவதைப் பார்க்கப் பிடிக்கும். மொபெட்டில் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான்தான் கூட்டிப் போவேன். முதல் தடவை நான் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் கல்லாவில் இருந்தவர் கையில் வாட்ச் போய்விட்டது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன சார், அரைக் கிலோ பால்கோவாவுக்கா வாட்சை அடகு வைக்கிறிய? சும்மா எடுத்துட்டுப் போங்க. இருக்கும்போது கொடுங்க."

சார் அதற்குள் அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

ஒரு கல்யாணத்தில் இன்னும் மோசம். மணமேடையில் ஓமம் வளர்த்திருந்தார்கள். அட்சதை போட மேடையேறியவர், வழக்கப்படி வாட்சைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற ஆளிடம் நீட்டினார். அந்த ஆள் மாப்பிள்ளையின் தாய்மாமன். அவர் அதை அப்படியே மாப்பிள்ளை கையில் கட்டிவிட்டார். மைக் பிடித்தவர் சும்மா இருப்பாரா? "ராக்கெட் இன்ஜினியர் ஐயா அவர்கள் மாப்பிள்ளைக்குக் கைக்கடிகாரம் அன்பளிப்பு" என்று மண்டபம் அதிர அறிவித்தார். சார் கீழே இறங்கி, கையை நீட்டியபடி நின்றார். சாப்பாட்டுப் பந்தி மூன்று முடிந்தது. அவர் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கடைசியில் மாப்பிள்ளையே கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு சார் எங்கே போனாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். என்னிடம் கொடுத்தால் அறிவிப்பு வராது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எட்டாவதோடு படிப்பு நின்றது. சூரத்தில் சாயப்பட்டறை, ஈரோட்டில் லாரி, பெங்களூரில் ஓட்டல் மாவு. எந்த ஊரிலும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. பார்க்கவேண்டும் என்று தோன்றியதும் இல்லை. ராஜபாளையத்துக்கு ஒரு மில்லில் பெயின்ட் அடிக்க வந்தவன். வேலை முடிந்தும் கிளம்பாமல் இருந்தேன். சாருக்கு வாட்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

போன வருஷம் அவருக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றார்கள். ஆஸ்பத்திரியில் தியேட்டர் வாசலில் நர்ஸ் வாட்சைக் கேட்டார். சார் தரவில்லை. தலையைத் தூக்கி என்னைத் தேடினார். நான் போனதும் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார்.

"பிடி, வாரேன்."

வரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் அவருடைய தம்பி மகன் என்னிடம் வந்தான். சென்னையில் வேலை, மரியாதையான பையன். அதற்குள் தெருப்பேச்சு அந்த வாட்சை நிலாவுக்கு அனுப்பித் திரும்பவும் வரவழைத்திருந்தது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியப்பா வேலை பார்த்த காலத்துப் பொருள்னு எங்ககிட்ட வேற எதுவும் இல்ல. இதை உங்களுக்குக் கொடுத்தாரா, இல்ல பிடிக்கச் சொன்னாரா?"

திருடன் என்ற பேச்சைப் பல ஊர்களில் கேட்டிருக்கிறேன். அது எனக்கு உறைக்காது. இந்தக் கேள்வி உறைத்தது. கொடுத்தார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் எதையும் விட்டுவிட்டுப் போனதில்லை. வீட்டைக் காலி செய்ய அவன் அடுத்த மாதம் வருவதற்குள் விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் போனேன். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு திறந்து பார்த்தார். சாவி கொடுக்கிற வாட்ச், அந்தக் காலத்தில் சர்க்கார் வேலை கிடைத்தவன் முதல் சம்பளத்தில் வாங்குவது என்றார். "நிலாவுக்கும் போகல, நெல்லூருக்கும் போகல" என்று மூடினார். பின்பக்கம் சிவப்புப் பெயின்டில் ஏழு என்று இருந்தது. சைக்கிள் ஸ்டாண்டு நம்பர் மாதிரி இருக்கு, துடைத்துவிடவா என்றார். பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கிருஷ்ணன்கோவில் காலேஜில் ஒரு வாத்தியார் செல்போனில் விண்வெளிக்குப் போன வாட்சுகளின் படங்களைக் காட்டினார். நான் எட்டாவது என்றதும் மெதுவாகப் பேசினார். மெதுவாகப் பேசியும் ஏழாம் நம்பருக்கு விடை வரவில்லை.

அப்போதுதான் பதினாறாம் நாள் வந்த ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். சுந்தரபாண்டியத்துக்காரர், பட்டாளத்தில் இருந்தவர். சார் படத்துக்கு சல்யூட் அடித்துவிட்டு, வாட்ச் கட்டியிருந்த என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஏறிப் போனேன். கத்தரித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நான் வாய் திறப்பதற்குள் கையைத் துடைத்துவிட்டு நீட்டினார். வாட்சைத் திருப்பிப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர் கூண்டு. நான் அடிச்ச பெயின்டு தம்பி, இது."

பட்டாளத்தைவிட்டு வந்தபிறகு, ராக்கெட்டுக்கு எரிமருந்து செய்கிற இடத்தில் அவர் கேட்டுக் காவலுக்கு இருந்திருக்கிறார். பொறி தட்டிவிடும் என்று இரும்பு, தீப்பெட்டி, வாட்ச் எதையும் உள்ளே விடமாட்டார்களாம். எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் போகவேண்டும். ஆக, நிலாவுக்குப் போன வாட்ச் வேலை நாள் முழுக்க ஒரு மரக்கூண்டில் உட்கார்ந்திருந்தது. ஒருநாளும் கேட்டைத் தாண்டியதில்லை.

"சார் எப்பவும் கடைசியாத்தான் வெளிய வருவாவ. சின்னப் பயலுவ அம்புட்டுப் பேரும் வந்த பொறவுதான். நானும் அதுவரைக்கும் நிப்பேன். கூண்டுல ஒரு வாட்ச் இருந்தாலும் கேட்டுக்காரன் நகரக்கூடாது."

"அவிய வீட்டாளு வந்து கேட்டா, அண்ணாச்சி?"

"கொடுத்தவன் கையிலதான் கொடுக்கணும். சம்சாரம் வந்து நின்னாலும் தரமாட்டோம்."

"அவிய வெளிய வரலைன்னா?"

பெரியவர் மண்வெட்டியை எடுத்து ஒரு பாத்தியை அடைத்து, அடுத்த பாத்தியைத் திறந்துவிட்டார். தண்ணீர் கடைசிச் செடிவரை போய்ச் சேர்ந்தது.

"நிக்கணும்" என்றார்.

தம்பி மகன் லாரியோடு வந்தான். நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"அப்போ உங்களுக்குக் கொடுக்கல."

"இல்ல தம்பி. பிடிக்கத்தான் சொன்னாவ. ஆனா கொடுத்தவிய கையிலதான் திருப்பிக் கொடுக்கணும்னு ரூலு."

அவன் வாட்சை வாங்கி, அந்த ஏழாம் நம்பரைப் பார்த்தான். காதில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு அவன் பெரியப்பா வைப்பது போலவே என் உள்ளங்கையில் வைத்தான்.

"நீங்களே பிடிங்க, அண்ணே."

சாமான் ஏற்றி முடித்ததும், கிளீனர் இல்லை, சென்னைக்கு வாரியா என்று லாரி டிரைவர் கேட்டார். அப்படி யார் கூப்பிட்டாலும் மறுபேச்சில்லாமல் ஏறிப் பழகியவன் நான். இல்லை என்றேன். இந்த ஊரில் எனக்கு இது மூன்றாவது தீபாவளி. தினமும் காலையில் வாட்சுக்குச் சாவி கொடுக்கிறேன். சார் வெளியே வந்து பார்க்கிறபோது ஆள் இல்லையென்றால், பாவம், என்னை எந்த ஊரில் போய்த் தேடுவார்?