தூணுக்கு அந்தப் பக்கம்

நாலரைக்கு வரச் சொல்லியிருந்த கண்ணாடிக்காரி நாலு அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்து நின்றாள். ஊசி கடை வாசலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நாலு மணிக்கு வரவேண்டியவள் டீச்சர். அவளை உட்கார வைத்து, சூடாக ஒரு பீட்சாவை முன்னால் தள்ளி, மனசு இளகுகிற நேரம் பார்த்துப் பேச்சை எடுக்க வேண்டும். எடுத்த பேச்சு முடிகிறபோது கண்ணாடிக்காரி கதவைத் திறந்துகொண்டு வர வேண்டும். இதுதான் திட்டம். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஆட்களின் கை நரம்பைத் தேடிக்கொண்டே மூன்று வாரமாக யோசித்து வைத்தது. அந்த வேலையால்தான் அவளுக்கு ஊசி என்று பெயர்.

மூன்று பேரும் பள்ளிக்கூடக் காலத்துத் தோழிகள். ஒருத்தி மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துக் கண்ணாடிக்காரி ஆனாள். இன்னொருத்தி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து டீச்சர் ஆனாள். போன வருஷம் டீச்சர், தோழியின் கடையில் புதுக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே காரைப் பின்னால் எடுத்துத் தன் பயிற்சிப் பள்ளியின் கேட்டில் இடித்தாள். கற்றுக்கொள்ள வந்த ஆறு பேர் வரிசையாக நின்று பார்த்தார்கள். கண்ணாடி சரியில்லை என்றாள் டீச்சர். கண்ணாடியும் சரி, கண்ணும் சரி, கவனம்தான் சரியில்லை என்றாள் கண்ணாடிக்காரி. அன்றோடு பேச்சு நின்றது. பதினாலு மாதம்.

அதே மாதத்தில்தான் ஊசியின் ஒரே மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போனாள். வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர் என்று ஆனது. ஊசி சமாதானத் தூது கிளம்பினாள். செவ்வாய்க்கிழமை கண்ணாடிக்காரி வீடு, சனிக்கிழமை டீச்சர் வீடு. இரண்டு வீட்டிலும் அவளைச் சாப்பிட வைக்காமல் அனுப்பியதில்லை. அவள் பேசுவதை எல்லாம் தலையாட்டிக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, "அவளைப் பத்தி மட்டும் பேசாத, அடுத்த வாரம் வரும்போது பார்க்கலாம்" என்றார்கள். அடுத்த வாரமும் ஊசி போனாள்.

இந்த பீட்சா கடையை அவள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அது இரண்டு பேர் வீட்டுக்கும் சரியாக நடுவில் இருந்தது. மொத்தம் எட்டு மேசை. பின்னால் அடுப்பு, நடுவில் ஆள் மறைகிற பருமனில் ஒரு தூண். ஊசி முதல்முறையாக வருகிறாள். அந்தத் தூணைப் பார்த்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

ஜன்னல் பக்கம் வெயில் கண்ணைக் கூசும் என்று சொல்லி, கண்ணாடிக்காரியைத் தூணுக்குப் பின்னால், சுவரைப் பார்த்தபடி உட்கார வைத்தாள். முழங்கை வரை மாவு அப்பியிருந்த கடைக்காரம்மா ஓர் ஆச்சரியத்தோடு அருகில் வந்து, "என்னக்கா, இன்னிக்கு இங்கயா..." என்று ஆரம்பித்தாள். ஊசி உதட்டில் விரல் வைத்துக் கண்ணால் கெஞ்சினாள். கடைக்காரம்மா தோளைக் குலுக்கிவிட்டு அடுப்புக்குத் திரும்பினாள்.

கதவு மணி அடித்தது. டீச்சர்.

அவளை ஜன்னலோரம், தூணுக்கு முதுகு காட்டி உட்கார வைக்க ஊசி பட்ட பாடு கொஞ்சமில்லை. ஒரே நாற்காலியை மூன்று தரம் திருப்பிப் போட்டாள். அங்கே ஒரு காளான் பீட்சா, இங்கே ஒரு சோளம் போட்ட பீட்சா. அங்கே இரண்டு வாய், இங்கே இரண்டு வாய். எழுந்து போகும்போதெல்லாம் பரிசோதனை நிலையத்திலிருந்து போன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமை உங்க லேப் லீவாச்சே" என்றாள் கண்ணாடிக்காரி.

அவசரக் கேஸ் என்றாள் ஊசி. என்ன அவசரம் என்று கேட்டாள் அவள். காலையில் ஊசி குத்திய ஒருவருக்கு ரத்தம் நிற்கவில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தாள் இவள்.

"அப்ப இங்க உட்கார்ந்து என்னடி பண்ற? கிளம்பு, நானும் வரேன்."

ரத்தம் இப்போதுதான் நின்றது என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். ஓடிய அவசரத்தில் கையிலிருந்த துண்டை வைக்க மறந்துவிட்டாள். டீச்சர் அந்தத் துண்டையே பார்த்தாள்.

"நாம காளான் சொல்லலையே."

ருசி பார்க்கக் கடைக்காரம்மா கொடுத்தது என்று ஊசி சமாளித்தாள். அப்படியானால் எனக்கும் ஒன்று கேட்கிறேன் என்று டீச்சர் கையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். திரும்பினால் தூண்; தூணுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணாடிக்காரியின் முழங்கை. வேறு வழியில்லாமல் ஊசி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். திடீரென்று என்னவோ செய்கிறது, யாரையும் கூப்பிடாதே, இதோ வந்துவிடுகிறேன் என்று கழிவறைக்குள் புகுந்து தாழ் போட்டாள்.

உள்ளே குழாயைத் திறந்துவிட்டு நிம்மதியாக யோசித்தாள். யோசிக்க யோசிக்க ஒன்றும் வரவில்லை. பத்து நிமிஷம் போயிருக்கும், கதவு தட்டப்பட்டது. வயிற்றுவலிக்காரி என்பது ஞாபகம் வந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திறந்தாள்.

வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"ஓ, நீயும் இங்கயா இருக்க" என்றாள் டீச்சர்.

"ஆமா, நானும் இங்கதான் இருக்கேன்" என்றாள் கண்ணாடிக்காரி.

பள்ளிக்கூட நாடகத்தில் மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதுபோல் இருந்தது. அதிர்ச்சியில் குரல் இப்படித்தான் தட்டையாகிவிடும் என்று ஊசி நினைத்துக்கொண்டாள். இதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை. மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினாள். வயிற்றுவலி பொய், ரத்தம் நிற்காத ஆள் பொய், காளான் துண்டும் பொய். கடைசியாக, "நீங்க ரெண்டு பேரும் ராசியாகுற வரைக்கும் நான் வெளிய வரமாட்டேன்" என்று சொல்லி மறுபடி தாழ் போட்டுக்கொண்டாள்.

வெளியே கிசுகிசுவென்று பேச்சு. கதவில் காதை வைத்தும் பிடிபடவில்லை. பிறகு கண்ணாடிக்காரியின் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து கேட்டது.

"ஏண்டி, நாங்க சேர்ந்துட்டா, நீ செவ்வாய்க்கிழமை வர்றதை நிறுத்திடுவியா?"

ஊசிக்குக் கேள்வியே புரியவில்லை. "அதை எதுக்கு நிறுத்தணும்?"

"தூது போற வேலை இருக்காதே."

"வேலை இருந்தாத்தான் வரணுமா? நான் வருவேன்."

"சனிக்கிழமை?" என்றாள் டீச்சர்.

"சனிக்கிழமையும் வருவேன்."

பிறகு இரண்டு குரலும் ஒன்றாக, "அப்ப சரி, ராசி" என்றன.

பதினாலு மாதச் சண்டை அரை நிமிஷத்தில் தீர்ந்தது. இவ்வளவு சுலபமென்று தெரிந்திருந்தால் போன வருஷமே ஏதாவது ஒரு கழிவறையில் தாழ் போட்டுக்கொண்டிருக்கலாமே என்று ஊசிக்குத் தோன்றியது.

ஜன்னலோரம் இரண்டு மேசையை ஒன்றாக இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆறிப்போன இரண்டு பீட்சாவையும் கடைக்காரம்மா மறுபடி சூடாக்கிக் கொண்டுவந்து வைத்தாள். அன்றைக்குத் தன் கவனம் கொஞ்சம் பிசகியதும் உண்மைதான் என்றாள் டீச்சர். பவரை இன்னொரு தரம் சோதித்துக் கொடுத்திருக்கலாம் என்றாள் கண்ணாடிக்காரி. பேசிக்கொண்டே டீச்சர் தன் துண்டிலிருந்த குடைமிளகாயை எல்லாம் பொறுக்கிக் கண்ணாடிக்காரியின் தட்டில் போட்டாள். கண்ணாடிக்காரி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பிட்டாள். ஊசிக்குக் கண் நிறைந்தது. இத்தனை நாள் பேசாமல் இருந்தும், யாருக்கு எது பிடிக்கும் என்பது மறக்கவில்லை பார்.

வீட்டுக்குப் போனதும் மகளுக்குப் போன் செய்ய வேண்டும், அம்மா சாதித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று அவள் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்ந்து மேசைமேல் விழுந்தது. கண்ணாடிக்காரி ஏதோ சொல்ல, டீச்சர் புரையேறச் சிரித்தாள்.

கடைக்காரம்மா காலித் தட்டுகளை அடுக்கிக் கையில் எடுத்தாள்.

"அக்கா, வியாழக்கிழமைக்கு உங்க வழக்கமான மேசையைப் போட்டு வைக்கிறேன்" என்றாள் டீச்சரையும் கண்ணாடிக்காரியையும் பார்த்து. "வாராவாரம் மாதிரி ரெண்டு பேருக்கா, இல்ல இனிமே மூணு பேருக்கா?"