மஞ்சள் தேய்த்த விளமீன்

பொய் சொல்வது சரியென்று நான் வாதாட வரவில்லை. ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால், நமக்குத் தெரிந்த சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கருப்பட்டியைப் பற்றி நான் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், ஒரு பயல் கண்டுபிடித்திருக்க முடியாது. நான் போயும் போயும் மீனைப் பற்றிச் சொன்னேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்தன. நான் பி.காம். முடித்துவிட்டு அப்பாவின் கருப்பட்டிக் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். (கருப்பட்டிக் கடையில் இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல, உண்மையான வேலை.) அப்போதுதான் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசிலிருந்து கிளார்க் வேலைக்கு இன்டர்வியூ கடிதம் வந்தது.

மானேஜர் மதராசிலிருந்து மாற்றலாகி வந்தவர். சுத்த சைவம். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனா. கணக்குக் கேள்விகளை முடித்துவிட்டு, பொழுதுபோக்கு என்ன என்று கேட்டார். தபால்தலை சேகரிப்பது என்ற பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதற்குள் அவருடைய நாற்காலிக்குப் பின்னால், அறை மூலையில், பளபளவென்று சாத்தி வைத்திருந்த வெளிநாட்டுத் தூண்டில் கம்பு என் கண்ணில் பட்டுவிட்டது. நூல் சுற்றுவதற்குச் சின்னச் சக்கரமெல்லாம் வைத்த கம்பு.

"கரையில நின்னு தூண்டில் போடுவேன் சார்" என்றேன்.

அவர் முகம் அப்படியே மலர்ந்தது. வேலை கிடைத்துவிட்டது, ஆறு மாதத்துக்குத் தற்காலிகமாக.

உண்மை என்னவென்றால், கடலிலிருந்து ஒரு மைல் தூரத்தில் பிறந்து வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. சாயங்காலம் கடற்கரைக்குப் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு, செருப்பிலிருந்து மண்ணைத் தட்டிவிட்டுத் திரும்புவேன். மீனை நான் குழம்பில்தான் சந்தித்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் மானேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, நேற்று என்ன மாட்டியது என்று விசாரிப்பார். நானும் வாரம் ஒரு மீன் கொடுத்து வந்தேன். பெயர்களை எங்கள் தெருவுக்குக் கூடை கொண்டுவரும் சந்தனமரியிடம் பொறுக்கிக்கொண்டேன். ஒரு வாரம் பாறை, ஒரு வாரம் ஊளி, ஒரு வாரம் விளமீன். (பெயர் தீர்ந்துபோன ஒரு வாரம் நெத்திலி என்று சொல்லிவிட்டேன். கரையில் நின்று தூண்டிலில் நெத்திலி பிடித்த முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன். அவர் பயபக்தியோடு தலையாட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.)

ஆறாவது மாதக் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அவர் ஒரு தாளை என் முன்னால் நகர்த்தினார். என் வேலையை நிரந்தரமாக்கும் கடிதம். டைப் அடித்துத் தயாராக இருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. நான் பல்லைக் காட்டுவதற்குள் அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"திங்கட்கிழமை போட்டுடறேன். ஞாயித்துக்கிழமை நீ தூண்டில் போடற இடத்துக்கு என்னைக் கூட்டிண்டு போறே. எனக்கு ஒரே ஒரு மீன் பிடிச்சாகணும்ப்பா" என்றார்.

வீட்டில் அப்பா ஏற்கெனவே கெடு வைத்திருந்தார். இந்த மாதத்துக்குள் வேலை நிரந்தரமாகவில்லை என்றால் பேசாமல் கடையில் வந்து உட்கார வேண்டும். எனக்கு இருந்த வழி இரண்டே இரண்டு: ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன், அல்லது ஆயுள் முழுக்கக் கருப்பட்டி.

யோசித்துப் பார்த்ததில் ஞாயிற்றுக்கிழமையே எனக்குச் சாதகமாகப் பட்டது. அன்றைக்குக் கடற்கரை ஊர்களில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். மீன் வாங்குகிறவன் என்ற முறையில் எனக்கும் இது தெரியும், ஞாயிற்றுக்கிழமை புது மீன் கிடைக்காது. எங்கள் ஆபீசுக்கு லீவு மாதிரி அவர்களுக்கும் லீவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். படகு இருக்காது, ஆள் இருக்காது, சாட்சியும் இருக்காது. ஊருக்குத் தெற்கே ஒரு சின்ன மீனவ ஊரின் கரையைத் தேர்ந்தெடுத்தேன். அங்கே நான் அதுவரை போனதில்லை, அதனால் என்னை அங்கே யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலை சந்தனமரியிடம் பெரிய விளமீனாக ஒன்று, முழுசாக வேண்டும் என்றேன். மறுநாள் வரை கெட்டுப்போகக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன். சாயங்காலமே ஓலைப்பெட்டியில் வைத்து, ஈரச் சாக்கு சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று கிலோ இருக்கும்.

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது தம்பி. நான் பாத்துக்கிட்டேன்" என்றாள்.

என்ன பார்த்துக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. பெட்டியைத் திறக்காமலே கிணற்றில் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்கவிட்டு, நிம்மதியாகத் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மானேஜரின் ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர் தலையில் தொப்பி. பின்னால் நான், ஒரு கையில் தூண்டில் கம்பு, மறு கையில் இட்லி டிபன் கேரியர், தோளில் தொங்கிய துணிப்பையில் ஓலைப்பெட்டி. பையில் என்ன என்று கேட்டார். இரை என்றேன். கரையில் படகுகள் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. வலைகள் காய்ந்துகொண்டிருந்தன. கரையைப் பார்த்தபடி மாதா கோயில் நின்றது, உள்ளே பாட்டுச் சத்தம். வெளியே ஒரு ஈ காக்கை இல்லை. மானேஜர் அந்த அமைதியை வெகுவாகப் பாராட்டினார், நான்தான் ஏற்பாடு செய்தேன் என்பது போல.

முதலில் என்னை வீசச் சொன்னார். நான் வீசிய தூண்டில் முதல் தடவை காய்ந்துகொண்டிருந்த வலையில் மாட்டியது. இரண்டாம் தடவை என் சட்டை முதுகில் மாட்டியது. காற்று சரியில்லை என்றேன். அதற்கும் அவர் தலையாட்டினார். மனிதர் நிழல் தண்ணீரில் விழுந்தால் மீன் கிட்டவே வராது, அதனால் படகு மறைவில் போய் இட்லி சாப்பிடுங்கள், மாட்டியதும் கூப்பிடுகிறேன் என்றேன். (இந்த விஞ்ஞானத்தை நான் அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தேன்.) அவர் நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

நான் இன்னொரு படகுக்குப் பின்னால் குனிந்து பெட்டியைத் திறந்தேன். மீனின் மேல் உதட்டில் கொக்கியைக் குத்தினேன். அவசரத்தில் அதைத் திருப்பிப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. முழங்கால் ஆழத்தில் இறங்கி அதைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் குரல் கொடுத்தேன். மானேஜர் சட்னிக் கையோடு ஓடிவந்து கம்பை வாங்கிச் சக்கரத்தைச் சுற்றினார். மீன் வந்தது. அவ்வளவு பணிவாக ஒரு மீன் வந்து நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரு அலை அதைத் தூக்கி அவர் காலடியில் வைத்துவிட்டுப் போனது.

"துடிக்கவே இல்லையேப்பா" என்றார்.

"ரொம்ப நேரம் போராடினதுல களைச்சுப் போச்சு சார்" என்றேன். அவர் கம்பைப் பிடித்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

மீனைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, நானா பிடித்தேன், நானா பிடித்தேன் என்று கேட்டுக்கொண்டே நின்றார். நீங்கள்தான் சார் என்றேன். சத்தியமாக, அவரைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. இப்படி ஒரு மகிழ்ச்சியைக் கொடுக்கிற பொய் பாவமாகாது என்றுகூட நினைத்தேன்.

அப்போது கோயில் மணி அடித்தது. பூசை முடிந்து கதவு திறந்தது. கதவோ கடலைப் பார்த்த கதவு. ஒரு ஊரே வெள்ளை உடுப்போடு படியிறங்கி வந்தது, நாங்கள் தூண்டிலும் மீனுமாக எதிரே நின்றோம்.

ஊர்த்தலைவர் முன்னால் வந்தார். நல்ல உயரம், தோளில் துண்டு. இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டார். மானேஜர் சொன்னார். அந்தக் கரையில் ஞாயிற்றுக்கிழமை வலையிலோ தூண்டிலிலோ மீன் பிடிக்கக் கூடாது, அது ஊர்க் கட்டுப்பாடு, உள்ளூர்க்காரன் வெளியூர்க்காரன் என்ற பேதமெல்லாம் கிடையாது என்று அவர் நிதானமாக விளக்கினார். பிடித்த மீன் கோயில் வாசலில் ஏலம் போகும். தூண்டில் கம்பு கோயிலில் இருக்கும், கமிட்டி கூடி முடிவு சொல்லும் வரை. சொல்லி முடிப்பதற்குள் ஒருவர் மானேஜர் கையிலிருந்து கம்பை வாங்கிக்கொண்டார். மானேஜர் முகம் செத்துவிட்டது.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இவனுக்கு இந்தக் கடல் அத்துப்படி, இவன்தான் கூட்டிண்டு வந்தான்" என்றார்.

தலைவர் என் பக்கம் திரும்பி, தெரிந்துதான் செய்தீரா என்று கேட்டார். தெரியும் என்றால் குற்றவாளி. தெரியாது என்றால் ஆறு மாதப் பாறையும் ஊளியும் அந்த இடத்திலேயே செத்துப்போகும். நான் கடலைப் பார்த்தேன். அது எனக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

மீனைக் கோயில் படியில் ஏலத்துக்குக் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அதில் ஒருத்தி, வெள்ளைச் சேலையில் முக்காடு போட்டவள், குனிந்து மீனைப் புரட்டி வயிற்றை இரண்டு விரலால் விலக்கினாள். நிமிர்ந்தபோதுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது. சந்தனமரி. வாரத்தில் நான்கு நாள் எங்கள் வாசலில் கூடையை இறக்குகிறவளிடம், எந்த ஊர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். மீனைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில், "தம்பி, நீ சொல்லுதியா, நான் சொல்லட்டா?" என்றாள்.

சொன்னால் மானேஜருக்குக் கம்பு திரும்பக் கிடைக்கும், எனக்கு வேலை போகும். அவர் கம்பு போன கையை இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நேத்து வாங்குன மீனு அண்ணாச்சி. நான்தான் தூண்டில்ல மாட்டிக் கடல்ல விட்டேன். யாரும் பிடிக்கல" என்றேன்.

தப்பிப்பதற்காகச் சொல்கிறேன் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சந்தனமரி மீனைத் தூக்கி வயிற்றை எல்லோருக்கும் விரித்துக் காட்டினாள். உள்ளே குடல் இல்லை, செவுள் இல்லை. மூலை முடுக்கெல்லாம் மஞ்சள்.

"நாளைக்கு வரை கெட்டுப் போவக் கூடாதுன்னான். நான்தான் குடலெடுத்து உப்பும் மஞ்சளும் தேச்சுக் குடுத்தேன். கடலுக்குள்ள எந்த மீனு மஞ்சத் தேச்சிக் குளிக்கி?" என்றாள்.

சிரிப்பு பின்வரிசையில் ஆரம்பித்து முன்வரிசைக்கு வந்தது. பூசை வைத்துவிட்டு வாசலில் நின்ற பங்குச் சாமியாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் மட்டும் குலுங்கியது. தலைவர் சிரிக்கவில்லை. சனிக்கிழமை பிடித்த மீனை ஞாயிற்றுக்கிழமை நனைத்தால் அது எந்தக் கணக்கு என்று யோசித்தார் போலிருக்கிறது. கடைசியில், "அப்ப இன்னைக்கு இந்தக் கடல்ல யாரும் மீன் புடிக்கல. கம்பக் குடுத்துருங்கலே" என்றார்.

என் மானேஜர் மீன் பிடிக்கவில்லை என்பது இப்படி ஒரு ஊர் கூடி உறுதி செய்யப்பட்டது. சந்தனமரி மீனைப் பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தாள். சீக்கிரம் குழம்பு வைத்துவிடச் சொன்னாள். இரண்டு தடவை கடலிலிருந்து வந்த மீன், இனிமேல் தாங்காதாம்.

மீனோடு ஸ்கூட்டரில் திரும்பினோம். நான் மனதுக்குள் கருப்பட்டி எடை போட்டுக்கொண்டிருந்தேன். உப்பளங்களுக்குப் பக்கத்தில் மானேஜர் ஸ்கூட்டரை நிறுத்தினார். இறங்கச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"நெத்திலி தூண்டில்ல மாட்டாதா?" என்று கேட்டார்.

"மாட்டாது சார்."

"நான் அதையும் கேப்டன்கிட்டச் சொல்லிட்டேனே" என்றார்.

பிறகுதான் விஷயம் வந்தது. கம்பைப் பரிசாகக் கொடுத்தவர் ஒரு கப்பல் கேப்டன். இவர் ஏதோ பெருமைக்குத் தானும் தூண்டில் போடுகிறவன் என்று சொல்லிவிட்டார். அந்தக் கப்பல் வரும்போதெல்லாம் கேப்டன் என்ன பிடித்தாய் என்று கேட்பாராம். திங்கட்கிழமைதோறும் நான் கொடுத்த மீன்களையெல்லாம் இவர் தான் பிடித்ததாக அவரிடம் கொடுத்து வந்திருக்கிறார். அடுத்த தடவை கரைக்கு வந்து நேரில் பார்க்கிறேன் என்று கேப்டன் சொன்னதும்தான் மனிதருக்குக் கிலி பிடித்திருக்கிறது. என்னை வேலைக்கு எடுத்ததே இந்த வித்தையைக் கற்றுக்கொள்ளலாம் என்றுதானாம்.

திங்கட்கிழமை காலை கடிதம் கையெழுத்தோடு என் மேஜையில் இருந்தது. பதினோரு மணிக்கு வழக்கம்போல் அறைக்குக் கூப்பிட்டார். நான் வழக்கம்போல் ஒரு மீன் கொடுத்தேன், இந்த முறை சந்தனமரியிடம் நன்றாக விசாரித்துக்கொண்டு. அவர் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஆனால் கதை சந்தனமரியின் கூடையில் ஏறிவிட்டது. எங்கள் தெருவில் அது இறங்காத வாசல் இல்லை. என் மனைவி கல்யாணமாகி வந்த மறுநாளே சந்தனமரி அவளைக் கூப்பிட்டு முழுவதையும் ஒப்பித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் வீட்டில் எந்தப் பெருமையைச் சொன்னாலும், அடுப்படியிலிருந்து ஒரே கேள்விதான் வரும்: மஞ்சள் தேய்ச்சதா? பிரமோஷன் வந்தபோதும் கேட்டாள். மகன் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்தபோது அவனிடமும் கேட்டாள்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம்தான் முதலில் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகக் கடைசி வரை படித்தாள். பிறகு ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"சந்தனமரி அக்கா ஒன்றரைக் கிலோன்னுல்லா சொன்னாவ. இங்கன மூணு கிலோன்னு இருக்கு. இதுலயும் தேச்சாச்சா?"