பிச்சுமணி வீடு முடிய

கோட்டுக்காரர்கள் என்று ஒரு ரகம் உண்டு. மாட்டிக்கொள்கிற கோட்டைச் சொல்லவில்லை ஐயா, கிழிக்கிற கோட்டை! நியூ ஜெர்சியில் எடிசன் என்கிற ஊருக்கு வாய்த்தவர் ஜம்புநாதன்.

அவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுத்தான் பாருங்களேன். உங்களை இருநூறு வருஷம் பின்னால் இழுத்துப்போய், ஆதி அமெரிக்காவில் காங்கிரஸ் என்கிற அந்த நாட்டுப் பாராளுமன்றத்துக்குத் தொகுதி பிரித்த கதையை ஆரம்பித்து, வரைபடமே இல்லாமல் இன்ன இன்ன கவுண்டி, அதாவது மாவட்டம், சேர்ந்தால் ஒரு தொகுதி என்று சட்டத்தில் பெயர்களை மட்டும் எழுதிவைத்ததையும், பிற்பாடு கவுண்டிகளே உடைந்து எல்லை மாறிப்போனதில் இன்றைய ஆராய்ச்சியாளர்கள் பழைய சட்டப் புத்தகங்களோடு மல்லுக்கட்டுவதையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காபி ஆறிவிடும். விடுவாரா?

தமிழ்ச் சங்கத்தில் இந்த வருஷம் வார்டு வாரியாகத் தேர்தல் என்றதும், எல்லை பிரிக்கும் வேலை அவர் தலையில் விழுந்தது. ஐந்து வருஷமாகத் தலைவர் நாற்காலிக்கு ஏங்குகிறவர், பாவம். முதல் வார்டில் ஜெயித்தால் நாற்காலி நிச்சயம். ஆனால் வார்டுக்குள் குடியிருப்பவர்தான் நிற்கலாம். வேண்டிய வீடுகளையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டு, மேப் எதற்கு என்று அந்தக் காலத்துப் பாணியிலேயே எழுதினார்: "ஓக் ட்ரீ ரோடு தொடங்கி, தெற்கே பிச்சுமணி வீடு முடிய."

பொதுக்குழு கைதட்டி நிறைவேற்றியது. மனுத்தாக்கல் அன்று எதிராளி கஸ்தூரிரங்கன் எழுந்தார்.

"சார், உங்க வீடு வார்டுலயே இல்லையே?"

"என்ன ஓய் உளர்றீர்? பிச்சுமணி வீட்டுக்கு நாலு வீடு முன்னாடின்னா இருக்கேன்!"

"அதை வித்துட்டு அவர் ஓக் ட்ரீ ரோடு பக்கத்துலயே மூவ் பண்ணிட்டாரே! கிருகப்பிரவேசத்துல அக்காரவடிசல் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கிண்டேளே, மறந்துட்டேளா?"

மறக்கவில்லை. அந்த நெய் வாசனை வேறு இப்போது ஞாபகம் வந்து தொலைத்தது. பிச்சுமணி குடிபோய் மூன்று மாதம் ஆகியும் பழைய வீட்டைத்தான் ஊரே 'பிச்சுமணி வீடு' என்கிறது. ஜம்புநாதனும் வாயில் வந்ததை அப்படியே எழுதிவிட்டார். கஸ்தூரிரங்கன் போட்டியின்றி ஜெயித்தார்.

"ஏன்னா, ஒரு மேப் போட்டிருக்கப்படாதோ?" என்றாள் ஜம்புநாதனின் மனைவி ருக்மிணி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன கொலுவுக்கு நீங்கள் அழைத்தவர்களின் பட்டியலைக் கொஞ்சம் எடுங்கள். "ஹைவேக்கு இந்தப் பக்கம் மட்டும் போதும்" என்றுதானே ஆரம்பித்தீர்கள்? பிறகு அந்தப் பக்கத்து டாக்டர் வீடு எப்படி உள்ளே வந்தது? அடுத்த வாசல்காரர் எப்படி வெளியே போனார்? அந்தக் கோட்டை எங்கேயாவது எழுதிவைத்திருந்தால் உடனே கிழித்துப் போடுங்கள். கஸ்தூரிரங்கன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.