குமிழி நடுவில்தான் நிற்கிறது

லூன் ஏரி முகாம்,
வட மினசோட்டா.
ஞாயிறு காலை

அன்பு மைத்துனன் டுவேனுக்கு,

ஆர்வில் எழுதுவது. ஃபார்கோவில் நீ, உன் மனைவி, பிள்ளைகள், அந்தக் குரைக்கிற நாய் எல்லாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உன் அக்கா மார்லிஸும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆகவே அவள் சௌக்கியத்தை நீ அவளிடமே கேட்டுத் தெரிந்துகொள். இங்கே செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. அதனால்தான் பேனாவை எடுக்க வேண்டியதாயிற்று.

வரும் குளிர்காலத்தைப் பனியே இல்லாத அரிசோனாப் பாலைவனத்தில், அடுப்பும் படுக்கையும் உள்ள நம் மோட்டார்ஹோமிலேயே கழிக்க வேண்டும் என்பது என் ஆசை என்று உனக்குத் தெரியும். பனி அள்ளியே முதுகு ஒடிந்தவன் நான். உன் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "முதல்ல ஏரிக்கரையில ஒரு வாரம் இருந்து பாப்போம். வண்டிய நிறுத்தி, மட்டம் பண்ணி, என்மேல ஒரு தடவகூடக் கத்தாம இருந்தீங்கன்னா நான் வர்றேன். இல்லன்னா நீங்க தனியாப் போய்க் கள்ளிச்செடியோட குடித்தனம் பண்ணுங்க" என்றாள். மாவட்டச் சாலைத் துறையில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு, ஊர்ச் சாலையெல்லாம் மட்டம் பார்த்தவனுக்கு, மட்டம் பண்ணுவதில் பரீட்சையாம்! சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டேன்.

இந்த முகாமில் ஒரு வழக்கம். புதிதாக ஒரு வண்டி நுழைந்தால் போதும், சுற்றியிருப்பவர்கள் மடக்கு நாற்காலியையும் காபிக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். சர்ச்சில் கடைசி வரிசைக்கு அடித்துக்கொள்கிற அதே ஜனங்கள், இங்கே முன்வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். எங்களுக்குக் கொடுத்த இடமோ ஏரியைப் பார்த்துச் சரிந்து கிடந்தது. சரி, பள்ளமாக இருந்த இடப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கினேன், உன் அக்காவை வெளியே நிறுத்திக் கை காட்டச் சொன்னேன், வண்டியை மெல்ல ஏற்றினேன். அவள் உள்ளங்கையை உயர்த்தினாள். அது 'நில்' என்று அர்த்தமாம். தபால் வண்டிக்கே கையசைக்கிற பெண்பிள்ளை, பக்கத்து வண்டிக்காரி லவோனுக்கு வணக்கம் சொல்கிறாள் என்றுதானே எவனும் நினைப்பான்? நான் ஏறிக்கொண்டே போனேன். கட்டை முடிந்தது, வண்டி மறுபக்கம் தொப்பென்று இறங்கி, லவோனின் ஜெரேனியம் பூந்தொட்டியைத் தொட்டு நின்றது. தொட்டதுதான், தொட்டி உடைந்தது அதன் பலவீனம். அப்போதும் நான் கத்தவில்லை டுவேன். சத்தமாக விளக்கம் கேட்டேன், அவ்வளவே.

நாற்காலிக்காரர்கள் வாயைத் திறந்து 'தப்பு' என்று சொல்வார்களா? ஒருவர், "ஓ... அப்படியும் ஏத்தலாம் போல" என்றார். இன்னொருவர், "வித்தியாசமாத்தான் இருக்கு" என்றார். நம் பக்கத்தில் 'வித்தியாசம்' என்றால் 'படுமோசம்' என்பது உனக்குத் தெரியாததா?

மறுபடி ஏற்றினேன். இந்த முறை ஸ்டியரிங் முன்னால் ஒட்டியிருக்கும், வண்டி மட்டமா என்று காட்டுகிற ரசமட்டத்தில் குமிழி கச்சிதமாக நடுவில் வந்து நின்றது. நீ எனக்குப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தாயே, அதே ரசமட்டம். சக்கரம் உருளாமல் அடைக்கட்டை வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். பரீட்சை முடிந்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் உள்ளே இருந்து உன் அக்கா குரல் கொடுத்தாள்.

"ஏங்க, முட்டை ஓடுது."

"ஓடாது. குமிழி நடுவுல நிக்குது."

"சட்டியில ஒரு ஓரமாப் போய் ஒண்டிக்கிச்சுங்க."

"சட்டி கோணலா இருக்கும். குமிழி நடுவுலதான் நிக்குது."

"அப்ப குமிழியவே பொரிச்சுத் தரட்டுமா?"

அதோடு நின்றதா? குளியலறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது, காற்று என்றேன். ஃபிரிட்ஜ் நின்றுபோனது; வண்டி மட்டமாக இல்லாவிட்டால் இந்த ரக ஃபிரிட்ஜ் வேலை செய்யாது என்று அவள் கையேட்டைப் படித்துக் காட்டினாள்; கையேட்டை எழுதியவனுக்கு என்ன தெரியும் என்றேன். நான் ஏரியில் பிடித்து வைத்திருந்த மீன் நாறத் தொடங்கியது. அதற்கு மட்டும் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து லவோன் வந்தாள். கணவர் போன பிறகு, எங்களுடையதைவிடப் பெரிய வண்டியைத் தனியாகவே ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவள். தொட்டியை உடைத்தவன் வீட்டுக்கே ரூபார்ப் கேக் சுட்டு எடுத்து வருகிற ரகம். அதைவிடக் கொடிய பழிவாங்கல் உண்டா? கேக்கை மேசையில் வைத்தாள். அது நகர்ந்து நகர்ந்து என் மடிக்கு வந்தது. "ஓ... எல்லாம் உங்க பக்கமே வருதே" என்றாள். அப்புறம் மெதுவாக, "அந்த ரசமட்டத்த வண்டி எங்க நிக்கறப்ப ஒட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"எங்க வீட்டு வாசல்ல. குமிழி நடுவுல வர்ற மாதிரி பாத்துப் பாத்து ஒட்டுனேன்."

உன் அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "வாசல்லயா? பனி உருகுனா தண்ணி தெருவுக்கு ஓடணும்னு நீங்களே சாய்ச்சுக் கான்கிரீட் போட்டீங்களே, அந்த வாசல்லயா?"

டுவேன், நியாயத்தைச் சொல். ஒட்டியது என் கைதான். ஆனால் பக்கத்தில் பீர் பாட்டிலோடு நின்று, "சூப்பர் மச்சான், அப்படியே அமுக்குங்க" என்று சொன்னது யார்? பரிசு கொடுக்கிறவனுக்குப் பொறுப்பு வேண்டாமா? இதைத்தான் நான் உன் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். கொஞ்சம் உரக்க. ஏரிக்கு அக்கரையில் ஒருவர் எழுந்து நின்று பார்த்தாராம். "ஆர்வில் எட்வின் ஸ்டென்ஸ்ருட்!" என்று நடுப்பெயரும் விடாமல் என்னை அழைத்துவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு லவோனின் வண்டிக்குப் போய்விட்டாள் உன் அக்கா.

ஆகவே நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். 'அந்த வாசலை நானும் பார்த்திருக்கிறேன், மட்டமாகத்தான் இருக்கிறது' என்று அவளுக்கு ஒரு வரி எழுதிப் போடு. ஒளிப்பானேன், அவள் இல்லாத அரிசோனா எனக்கு வேண்டாம். சாய்ந்த மேசையில் தனியாக உட்கார்ந்து கேக் தின்பது எப்படி இருக்கிறது என்று நேற்றே பார்த்துவிட்டேன், பாதியிலேயே மூடி வைத்துவிட்டேன்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உங்கள் வீட்டில் எல்லாம் நேராக நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா கணவன்,
ஆர்வில்

பி.கு.: அந்த ஒரு வரியை எழுத வேண்டாம். உறையை ஒட்டுவதற்குள் உன் அக்கா வந்துவிட்டாள். ரசமட்டத்தைப் பிய்த்து என் கையில் கொடுத்தாள், என்னை இறங்கச் சொன்னாள், லவோன் கை காட்ட ஒரே தடவையில் வண்டியைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தினாள். ஃபிரிட்ஜ் ஓடுகிறது. நாற்காலிக்காரர்கள் ஒரு வார்த்தை பேசாமல் நாற்காலியை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்; நம் ஜனங்களிடம் இதற்குமேல் பாராட்டு கிடையாது. பிறகு உன் அக்கா என்னிடம் வந்து, "அரிசோனாவுக்கு லவோன் வண்டிக்குப் பின்னாலயே நம்ம வண்டிய நான் ஓட்டிட்டுப் போறேன். நீங்களும் வரலாம். தப்பு என்னோடதுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்" என்றாள். எவ்வளவு சின்ன வார்த்தை! சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் பெயர்தான் வந்தது. அவர்கள் நவம்பரில் கிளம்புகிறார்கள். உன்னால் வந்த வினை என்பதால் குளிர்காலம் முழுக்க நான் உன் வீட்டில்தான் இருக்கப்போகிறேன். மாடி அறையைத் தயார் செய்து வை.