மறுபாதி சொல்ல ஆள் தேவை

வரதராசன்பேட்டை,
ஞாயிறு, பூசை முடிந்து.

அன்பு மகள் சகாய பிரியாவுக்கு அப்பா அருளானந்தம் எழுதுவது. இறைவன் அருளால் இங்கு நானும் அம்மாவும் நலம். எங்கள் இருவராலும் மருந்துக்கடைக்காரரும் நலம். ஜெனீவாவில் உன் நலத்துக்கு மாதாவை வேண்டுகிறேன். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் "அப்பா, மீட்டிங்" என்று நீ வைத்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் வைக்க முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

செயற்கை நுண்ணறிவு வந்தால் எந்த வேலை நிற்கும், எந்த வேலை போகும் என்று அரசாங்கங்களுக்கு எடுத்துச் சொல்வதுதான் உன் உத்தியோகம் என்று ஊருக்கு விளக்கியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. நீ டிவியில் பேசிய மறுநாள், அரியலூர் ரோட்டில் லாரி எடைமேடையில் உட்கார்ந்திருக்கும் ராஜவேல் வந்து, ஜோசியரிடம் கேட்கிற பவ்யத்தோடு, "சார், எனக்கு எந்த வருசம்னு பாப்பாகிட்ட கேட்டுச் சொல்லுங்க" என்றான். உன் அறிக்கையில் எடைமேடையே இல்லை, தைரியமாக இரு என்று அனுப்பினேன். அதிலிருந்து எனக்கே ஒரு அதிகாரித் தோரணை வந்துவிட்டது. அந்தத் திமிரில்தான், அம்மாவைப் பார்த்துக்கொண்ட வெற்றிச்செல்வியைக் கூப்பிட்டு, நோயாளியைக் கவனிக்கிற வேலையை எந்த மெஷினும் செய்ய முடியாது என்று நீ எழுதிய ஏழாம் அத்தியாயத்தைத் தமிழில் சொல்லி, "உனக்குக் கவலையே இல்லம்மா" என்றேன். பத்தாம் நாள் உன் பார்சல் வந்தது. மாத்திரை நேரம் சொல்லும், பேச்சுக் கொடுத்தால் பேசும் என்று நீ ஆசையாக வாங்கி அனுப்பிய பெட்டி. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெற்றிச்செல்வி, "சார், அந்த ஏழாவது பாடம் இதுக்கு முன்னாடி எழுதுனதுங்களா?" என்று கேட்டாள். மறுநாள் அம்மாவுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டு, "போகச் சொல்றதுக்குள்ள நானே போயிட்டா மரியாதையா இருக்குங்க" என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். இப்போது அரியலூரில் ஒரு கேன்டீனில் இருக்கிறாள். போய்க் கூப்பிட்டேன். டீ கொடுத்தாள், வரவில்லை.

அடுத்தது முழுக்க என் தப்பு. பெட்டிக்கு ப்ளக் பாயின்ட் தேடினேன். வூட்டுல சும்மா கெடந்தது, மாதா பீடத்துல சீரியல் பல்புக்குப் போட்ட பாயின்ட் ஒண்ணுதான். மாதா சுரூபத்துக்குப் பின்னால வெச்சுட்டேன். காலையில எட்டு மணிக்கு அங்கேருந்து, "மதலேனம்மாள், மாத்திரை நேரம்"னு ஒரு பொம்பளைக் குரல். அம்மா முழங்கால் போட்டுட்டா. மாதா பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கன்னு தெருவுக்கே சொல்லிட்டா. சாயங்காலம் நாலு பேர் மெழுகுவர்த்தியோட வந்துட்டாங்க, ஆனி ரோஸ் டீச்சர் மகனுக்கு விசா கேட்டுச் சீட்டே எழுதி வெச்சுட்டுப் போனாங்க. வாத்தியாரா இருந்தவன் நான், பொய் சொல்லவும் வரல, உண்மையச் சொல்லவும் வாய் வரல. எல்லாரும் போனப்புறம் அம்மா ஜெபமாலைய எடுத்து, 'அருள் நிறைந்த மரியே'ன்னு முதல் பாதியச் சொல்லிட்டு, மறுபாதிக்குப் பீடத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. பெட்டி, "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை"ன்னுச்சு. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "மாதாவுக்கே புரியலையாங்க"ன்னு அழுதா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அவ கண்ணத் தொடைச்சுவிடும்போது அது போயிடுச்சு.

பெட்டிய அன்னைக்கே சமையல்கட்டுக்கு மாத்திட்டேன். ஆனா ஜெபமாலை நடக்க மாட்டேங்குது. முதல் பாதி அம்மா, மறுபாதி நீ, அஞ்சு வயசுலேருந்து காலேஜ் போற வரைக்கும் அப்படித்தானே நம்ம வூட்டுல. நான் மறுபாதி சொன்னா கையக் காட்டி நிறுத்திடுறா. "பிரியா சொல்லட்டும்"ங்கிறா. அப்புறம் கதவையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா.

ஆகவே உன்னிடம் ஒரு வேண்டுகோள். மறுபாதியை உன் குரலில் பதிவு செய்து அனுப்பு. பெட்டியில் போட்டுவிடலாம் என்று ராஜவேல் சொல்கிறான். ஒரு தடவை சொல்லிவிட்டு அதையே திருப்பித் திருப்பி ஓட விடாதே, அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணிக்கும் ஐம்பத்து மூன்று தடவை தனித்தனியாகச் சொல். மூன்றாவது பத்து மணிகளில் நீ கொட்டாவி விடுவாய், அதையும் விடு. நீ வர வேண்டாம். முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலையைப் பற்றி அடுத்த மாத மாநாட்டில் நீதான் பேச வேண்டும் என்றாய், அது பெரிய காரியம். இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மா உன்னை நன்றாக நினைவில் வைத்திருக்கிறாள்.

மாதாவின் அடைக்கலம் உனக்கு எந்நாளும் இருக்கட்டும். உன்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும், இன்னும் வேலை போகாமல் இருக்கும் மற்ற எல்லோருக்கும் என் ஆசீர்.

இப்படிக்கு,
அப்பா அருளானந்தம்

பின்குறிப்பு: அம்மா உன்னை நினைவில் வைத்திருக்கிறாள் என்று எழுதியது பொய். நேத்து உன் போட்டோவைக் காட்டினேன். "யாருங்க இந்த டீச்சர்?"ன்னா. நம்ம பிரியான்னேன். "அவ இன்னும் ஸ்கூல் விட்டு வரலையே"ன்னு சொல்லிட்டுத் திரும்பவும் கதவப் பார்த்தா. அதனால குரல அனுப்பாத கண்ணு. அது வந்துட்டா அம்மா கதவப் பார்க்கிறத நிறுத்திடுவா. நீயே வந்துடு.